நாளைக்கு என்ன சோலி?

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு அடுத்தபடியாக, நாஞ்சில் நாட்டில் மனிதக் கை படாத பொருள் தான் ஒருவன்தான் என்று அய்யம்பெருமாள் சொன்னான். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. தாழக்குடிப் பலசரக்குக் கடை வாசலில் நின்று, அரை ராத்தல் சீனிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் முகத்தோடு சொன்னான்.

"காத்தயாவது நாலு பாய விரிச்சுக் கெட்டித் தடுத்துப் போடலாம், கேட்டேளா? நம்மள அதுவும் நடக்காது."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம், அது உண்மையாக இருந்ததுதான். இருபத்தைந்து வயது, ஓணான் உடம்பு. களரியில் கால் வைத்த ஐந்து வருஷத்தில் அவன் தோலில் ஒரு கம்பு உரசியதில்லை. உண்மையைச் சொல்கிறவன் எப்படிப் பீற்றிக்கொள்கிறவன் ஆவான் என்பது அவன் கட்சி. ஆகையால் நாளொன்றுக்கு மூன்று வேளை உண்மையைச் சொன்னான்.

கடைக்காரர் பகவதியப்பன்தான் களரிக்கும் ஆசான். பகலில் மல்லியும் மிளகும் நிறுப்பார். சாயங்காலம் பழையாற்றங்கரைத் தோப்பில் கம்பும் அடிமுறையும் சொல்லிக்கொடுப்பார். நடுவில் யாருக்காவது எலும்பு விலகினால் அதைச் சேர்த்துக் கட்டுகிற வர்மாணியும் அவரே. மூன்று தொழிலிலும் எடை சரியாக இருக்கும் என்று ஊரில் பேர்.

அந்தக் களரியில் ஒரு முறை உண்டு. வேறு எந்தக் களரியிலும் இருப்பதாகத் தெரியவில்லை. எதிரும் புதிருமாக இரண்டு பேர் இறங்கினால், கம்பு மோதுவதற்கு முன் ஒருவன் மற்றவனைக் கேட்க வேண்டும்: "நாளைக்கு என்ன சோலி?" அவன் சொல்ல வேண்டும். பிறகு இவனை அவன் கேட்க வேண்டும். மறுநாள் வேலைக்கு எந்த உறுப்பு தேவையோ அந்த உறுப்பின் மேல் அடி விழக்கூடாது.

வருகிறவர்கள் எல்லாரும் மறுநாள் விடிந்தால் எங்கேயாவது போய் எதையாவது தூக்க வேண்டியவர்கள். மயிலாடியிலிருந்து சைக்கிளில் வருகிற கல்தச்சன் பொன்னுலிங்கம், "நாளைக்குப் பிள்ளையாருக்குத் தும்பிக்கை" என்பான். அப்படியென்றால் விரலுக்கும் கண்ணுக்கும் போகக்கூடாது. வண்டிக்காரன் சுடலையாண்டி, "நெல்லு ஏத்திக்கிட்டு நாரோயிலு" என்பான். உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு மற்ற எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். நடவு நாட்களில் ஒருவன் இடுப்பையும் ஒருவன் தொடமாட்டான்.

தப்பிப்போய் அடி விழுந்துவிட்டால்? அதற்கும் முறை உண்டு. ஆசான் சொல்கிற நாள்வரை அடித்தவன் போய் அடிபட்டவனுடைய வேலையைச் செய்ய வேண்டும். இந்த விதியை ஏற்படுத்தியது யார் என்று யாருக்கும் தெரியாது. நிச்சயமாக அடி வாங்கிய ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அய்யம்பெருமாளிடம் கேட்டால் அவன் பதில் எப்போதும் ஒன்றுதான்: "சும்மா." குடும்பத்துக்கு ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு வயல் இருந்தது. அதை அண்ணன் பார்த்துக்கொண்டான். அய்யம்பெருமாள் அண்ணனைப் பார்த்துக்கொண்டான். ஆக, களரி விதிப்படி அவன் உடம்பில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் அடிக்கலாம். அடிக்கத்தான் யாருக்கும் முடியவில்லை.

அவனுக்கு இந்தக் கேள்வி முறையே பிடிக்காது.

"இதென்ன களரியா, பொண்ணு பாக்க வந்த எடமா? சோலி என்ன, சொத்து என்ன, கூடப்பெறந்தது எத்தனண்ணு! நாளைக்கு ரோட்டுல ஒருத்தன் கத்தியோட வந்து நின்னா, 'அண்ணாச்சி, நாளைக்கு என்ன சோலி'ண்ணு கேட்டுட்டுத்தான் தடுப்பேளா?"

"கேக்கலாம்டே," என்றான் பொன்னுலிங்கம். "அவன் பதில யோசிக்கதுக்குள்ள ஓடிப்போயிரலாம்லா."

இறங்குவதற்கு முன்னால் எண்ணெய் போட்டு மூட்டு மூட்டாக உருவிவிட்டுக்கொள்வதும் அய்யம்பெருமாளுக்கு வேடிக்கைதான். "பூன என்ன, எண்ண தேச்சுக்கிட்டா எலி பிடிக்கப் போகுது?" என்பான். சட்டையைக் கழற்றிப் பனைமட்டையில் மாட்டிவிட்டு அப்படியே இறங்குவான்.

கொல்லம் ஆயிரத்து நூற்றி இருபத்தெட்டாம் ஆண்டு, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வயலில் கும்பப்பூப் பயிர் பால் பிடித்து நின்றது. காற்று தோப்பின் தென்னைகளை ஒரே பக்கமாகத் தலைவாரிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் குறுவடிப் பயிற்சி. குறுவடி என்பது இரண்டு சாண் நீளமுள்ள கருங்காலிக் கட்டை. பார்த்தால் பூரிக்கட்டை போல இருக்கும். பட்டால் அப்படி இருக்காது.

எதிரே நின்றது நீலகண்டன். முப்பது வயது, கனத்த தேகம். பேச்சும் நடையும் பையப் பைய. தொழில் சமையல். இதுவரைக்கும் கல்யாண வீடுகளில் இரண்டாம் ஆளாக நின்று பேர் வாங்கியவன். அவன் முறைப்படி தொடங்கினான்.

"நாளைக்கு என்ன சோலி?"

"சும்மா."

"செரி. எனக்குப் பாத்துக்கோ மக்கா, வெள்ளிக்கிழம மாதேவன் பிள்ள வீட்டுக் கல்யாணத்துக்கு..."

வாக்கியம் முடியவில்லை. மணிக்கட்டு முடிந்தது.

முருங்கைக் கொம்பு ஒடிகிற சத்தம் என்று சுடலையாண்டி பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான். பொன்னுலிங்கம், கல்லில் உளி வழுக்கிய சத்தம் என்றான். நீலகண்டன் கத்தவில்லை. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"கல்யாணத்துக்கு நாந்தாம்ல தவசிப்பிள்ள," என்று சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தான். தவசிப்பிள்ளை என்றால் சமையலுக்குத் தலைவன்.

கடையின் பின்கட்டில் வைத்து ஆசான் தடவிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கீறியிருந்தது. உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துத் துணியில் அப்பி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

"நாப்பத்தோரு நாளு. அதுவர இந்தக் கையால சோத்தக் கூட அள்ளப்பிடாது."

செய்தி கேட்டு நீலகண்டனின் மனைவி அழகியநாயகி வந்து சேர்ந்தாள். கையில் புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு அப்படியே வந்திருந்தாள். கட்டைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு மூலையில் மிளகாய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த அய்யம்பெருமாளைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம அறுநூறு எலை," என்றாள். "பத்து வருசமா எவன் எவன் பின்னாலயோ நிண்ணு தேங்கா திருவினவருக்கு, இப்பத்தான் மொத மொத சொந்தமா ஒரு ஆக்குப்புர. மாதேவன் பிள்ள வீட்டுல எல்லாரும் பறக்கைக் கோலப்பனத்தான் கூப்பிடணும்ணு நிண்ணாவோ. கல்யாணப் பொண்ணுக்கு அம்மை ஒருத்திதான், 'இல்ல, நீலகண்டன் வைக்க எரிசேரிதான் வேணும்'ணு நிண்ணு வாங்கித் தந்தா. இனி இவரால முடியாதுண்ணு சொன்னா, அடுத்த மணிக்கூர்ல கோலப்பன் அடுப்பு மூட்டிருவான். பின்ன இந்தப் பக்கத்துல ஒரு கல்யாணத்துக்கும் வெத்தல வச்சு எங்களக் கூப்பிட மாட்டாவோ."

அவள் சொன்னதில் மிகை கிடையாது. நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பெண் கறுப்பா சிவப்பா என்பதைப் பத்து வருஷத்தில் மறந்துவிடுவார்கள். பிரதமன் பாயசம் அடிபிடித்ததைப் பேரன் கல்யாணத்திலும் சொல்வார்கள்.

"வருத்தந்தான் மைனி," என்றான் அய்யம்பெருமாள்.

"வருத்தம் ஒம்ம வீட்டுல இருக்கட்டும். கைய எங்க வீட்டுக்கு அனுப்பும். அதானே களரிச் சட்டம்?"

அவன் எழுந்து நின்றான். இதற்கு அவனிடம் வாதம் இருந்தது.

"ஆசானே, ஞாயத்தப் பேசுவோம். இவரு சோலி என்னண்ணு நான் கேக்கவே இல்ல. கேட்டு, தெரிஞ்சு, அதுக்குப் பொறவும் அடிச்சாத்தான சட்டம்? கேக்காதவனுக்கு அது எப்பிடிப் பிடிக்கும்?"

பகவதியப்பன் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கேட்டுட்டு அடிச்சா, தப்பிப்போன அடி. நாப்பத்தோரு நாள்ல பாதி செஞ்சா மதி. கேக்காம அடிச்சா முழுசும். நாளைக்கு விடியத்துக்குள்ள போயிரு."

மறுநாள் காலையில் அய்யம்பெருமாள் போனபோது நீலகண்டன் முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தான். இடது கையால் வேட்டியை மடித்துக் கட்டப் பார்த்தான். ஒரு முனை நின்றது, மறு முனை விழுந்தது. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு, "ஏட்டி," என்று உள்ளே பார்த்து மெதுவாகக் கூப்பிட்டான். அவள் வந்து கட்டிவிட்டுப் போனாள். அய்யம்பெருமாள் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு முருங்கை மரத்தில் எத்தனை காய் இருக்கிறது என்று எண்ணினான். பதினேழு.

முற்றத்தில் பெரிய வார்ப்பு ஒன்று கல் அடுப்பின் மேல் ஏற்றி வைத்திருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்குகிற வெண்கலப் பாத்திரம். உள்ளே ஆற்று மணலும் தண்ணீரும். பக்கத்தில் கிளறுகிற சட்டுவம், ஆள் உயரத்துக்கு.

"இதென்ன அண்ணாச்சி, மணலுல பாயசமா?"

"ஒன் கைக்கு இப்போ இது போரும். பருப்பும் தேங்காயும் பாழாக்க எனக்கு மனசில்ல. துழாவு."

"எவ்வளவு நேரம்?"

"நான் போரும்ணு சொல்லுக வர."

அய்யம்பெருமாள் சட்டுவத்தைப் பிடித்தான். களரியில் ஆறடிக் கம்பைக் காற்றாடி போலச் சுற்றுகிறவன். இது என்ன பிரமாதம்? விறுவிறுவென்று பத்துச் சுற்றுச் சுற்றினான். தண்ணீர் சுழன்றது, அழகாகத்தான் இருந்தது. மணல் அப்படியே அடியில் கிடந்தது.

"தண்ணிய ஆட்டுகே. அடியத் தொடல்ல."

அழுத்தித் துழாவினான். அரை மணிக்கூரில் தோள் கல்லாகிவிட்டது. கை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஐந்து வருஷத்தில் எந்த எதிரியாலும் செய்ய முடியாததை நாலு படி மணல் செய்துவிட்டது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுடலையாண்டி குரல் கொடுத்தான்.

"ஏ மைனி, என்ன, காத்து நிண்ணு போச்சா?"

"ஆமா," என்றாள் அழகியநாயகி உள்ளேயிருந்து. "இனி ஆடியிலதான் வீசும்."

நீலகண்டன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கையால் அய்யம்பெருமாளின் தோளில் எண்ணெயை வைத்து, கழுத்தடியிலிருந்து கீழ்நோக்கி உருவினான். அய்யம்பெருமாளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முருங்கைக்காயை ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது.

"எறங்கதுக்கு முன்னால இதப் போட்டிருந்தா இவ்வளவு பிடிக்காது," என்றான் நீலகண்டன். குற்றம் சொல்கிற குரல் இல்லை. உப்பு எவ்வளவு என்று சொல்கிற குரல்தான். "நீ தோளால துழாவுகே. தோளு சின்ன ஆளு, அவனால ரெண்டு மணிக்கூர் நிக்க முடியாது. காலப் பரத்து. களரியில சுவடு வைக்கேல்லா, அதே சுவடு. முன்னங்கால்ல எடய எறக்கு, இடுப்பத் திருப்பு. கை சும்மா பிடிச்சிருந்தா மதி."

"அப்போ களரியில படிச்சதுதான் இஞ்சயுமா?"

"நான் இஞ்ச படிச்சதுதான் அங்க."

அய்யம்பெருமாள் அவனைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கனத்த மனிதன் களரியில் எப்படி நிற்பான், எப்படித் திரும்புவான் என்று ஐந்து வருஷமாகப் பார்த்திருந்தும் கவனித்ததில்லை என்பது அப்போதுதான் பட்டது.

மத்தியானம் உளுந்தங்கஞ்சி. கருப்பட்டி போட்டு, தேங்காய் திருவிப் போட்டு, இரண்டு கும்பாவில் ஒரே அளவாக ஊற்றி வைத்தாள் அழகியநாயகி.

"எலும்புக்கு நல்லது. ஒடிஞ்ச கைக்கும் ஒடிச்ச கைக்கும் ஒரே கஞ்சிதான். வேற வைக்கதுக்கு எனக்கு நேரமில்ல."

செவ்வாய்க்கிழமை நீலகண்டன் ஒரு காரியம் செய்தான். அய்யம்பெருமாள் முகம் கழுவப் போன நேரத்தில் மணலுக்குள் புளியங்கொட்டைகளைப் போட்டான். எத்தனை என்று சொல்லவில்லை.

"சட்டுவத்துல தட்டினா சொல்லு. பருப்பு அடியில ஒட்டத் தொடங்குகது இப்பிடித்தான், ஒரு பொட்டுப் போல. அத அப்பவே கண்டுபிடிச்சு எளக்கிரணும். கண்ணுல தெரியாது. மணத்துல தெரியும்போ காரியம் முடிஞ்சிரும்."

அன்று முழுக்க ஒரு கொட்டையும் தட்டவில்லை. சாயங்காலம் மணலைக் கொட்டிப் பார்த்தால் ஐந்து. அய்யம்பெருமாளுக்கு அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. ஒரு கட்டையின் நுனியில் ஆறடிக்கு அப்பால் இருக்கிற புளியங்கொட்டை எப்படித் தெரியும்? அண்ணனிடம் கேட்டான். அண்ணன், "ஒனக்கு என்னடே ஆச்சு?" என்று கேட்டான்.

அன்றைக்கேதான் மாதேவன் பிள்ளையும் வந்துவிட்டுப் போனார். கட்டுப் போட்ட கையையும் மணல் வார்ப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ சமையலு ஆருவே? நீரா, இவனா?"

"நாக்கு என்னுது. கை இவனுது," என்றான் நீலகண்டன்.

"இந்தக் கை எதுக்கு ஆகும்ணு ஊருக்கே தெரியும்." அவர் குடையால் அய்யம்பெருமாளைச் சுட்டிக் காட்டினார். "வீட்டுக்காரி பிடிவாதம் பிடிக்கா, அதனால விடுகேன். ஆனா ஒண்ணு. கோலப்பனையும் விருந்தாளியா அழச்சிருக்கேன். முதப் பந்தியில இருப்பான். ஒரு பாத்திரம் அடிபிடிச்சாலும், அவன் வாயால ஊருக்குத் தெரியும்."

அவர் போன பிறகு அழகியநாயகி திருவலைக்குத்தியை எடுத்து அய்யம்பெருமாளுக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் இருபது தேங்காய்.

புதன்கிழமை காலை அவன் சொல்லாமலே எண்ணெய் போட்டுக்கொண்டு வந்தான். யாரும் கேட்பதற்கு முன்னால், "பனிக்கு," என்றான். அன்று இரண்டு கொட்டை தட்டியது. சட்டுவத்தின் கைப்பிடியில் ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். எறும்பு தும்மினது போல. களரியில் எதிரியின் கம்பு இவன் கம்பில் உரசும்போது அவன் அடுத்து எங்கே போகப்போகிறான் என்று உள்ளங்கைக்குத் தெரியுமே, அதே இடம், அதே துடிப்பு. வியாழக்கிழமை மத்தியானம் சட்டுவத்தை நிறுத்திவிட்டு, "மூணு," என்றான்.

நீலகண்டன் தலையை ஆட்டினான். "நான் ரெண்டுதாம்டே போட்டேன்."

"இல்ல அண்ணாச்சி. மூணு."

"ஒண்ணு நான் போட்டேன்," என்றாள் அழகியநாயகி வாசற்படியிலிருந்து.

அய்யம்பெருமாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய உண்மையை அவன் மூன்று வேளை சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஆக்குப்புரையில் ஏழு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பச்சை ஓலை வேய்ந்த கொட்டகை. புளியம் விறகின் புகை ஓலைக்கு வெளியே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சோற்றுக்கும் சாம்பாருக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். நீலகண்டன் கட்டுப் போட்ட கையோடு ஒவ்வொரு பாத்திரமாக நின்று நின்று போனான். அய்யம்பெருமாள் அவன் வலது பக்கத்திலேயே போனான். "உப்பு, ஒரு கை. ஒங்கையில்ல, எங்கை அளவு. ஒண்ணேகால் போடு." எரிசேரிக்குத் தேங்காய் வறுத்தான். பொன்னிறம் தாண்டிச் செம்மண் நிறம் வரும்வரை நீலகண்டன் 'ம்' என்று சொல்லவில்லை. அவியலில் தேங்காயெண்ணெயைச் சுற்றிவிட்டு வாழையிலை போட்டு மூடினான். புளிசேரி நுரைத்து வரும்போது இறக்கினான். எட்டு மணிக்குள் துவட்டலும் பச்சடியும் ஆயிற்று. மிச்சம் இருந்தது பிரதமன்.

வறுத்த பயிற்றம்பருப்பு வெந்து குழைந்து சர்க்கரைப் பாகோடு சேர்ந்து, வார்ப்பில் சேற்று வயல் போலத் தளதளவென்று கொதித்தது. தேங்காயின் மூன்றாம்பால் விட்டாயிற்று. இரண்டாம்பாலும் விட்டாயிற்று. இனி அது வற்றி, பிறகு தலைப்பால் விட்டு இறக்குகிறவரை சட்டுவம் நிற்கக் கூடாது. பத்து மூச்சு நேரம் நின்றால் அடியில் பிடிக்கும். பிடித்தால் அறுநூறு இலைக்கும் கருகல் வாடை.

அய்யம்பெருமாள் காலைப் பரத்தி நின்று இடுப்பைத் திருப்பித் துழாவினான். நீலகண்டன் கொட்டகையின் மறுகோடியில் பப்படம் பொரிக்கிற இடத்தில் நின்றான்.

அப்போதுதான் அந்த ஆள் உள்ளே வந்தான். சட்டையில்லாத மேனி, பரந்த மார்பு, இடுப்பில் சரிகைத் துண்டு. கையில் வெண்கலத் தம்ளர்.

"வே, வெடியுதுக்கு முன்னால வள்ளியூருல வண்டி ஏறினது. ஒரு வாய் காப்பி கெடையாது. இதுல ரெண்டு தம்ளர் ஊத்தும்."

"தலப்பால் விடல்ல அண்ணாச்சி. இன்னும் பிள்ளையாருக்கு எல போடல்ல."

"பிள்ளையாரு காத்திருப்பாரு. அவருக்குக் கல்யாணமா காச்சியா?"

"காப்பி அந்தால இருக்கு, கேட்டு வாங்கிக் குடியும். இதுல கை வைக்கப்பிடாது."

"நீ யாரு எனக்குச் சொல்ல, கரண்டி பிடிக்க பய?"

சொன்னதோடு நிற்கவில்லை. எட்டிச் சட்டுவத்தின் காம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். சட்டுவம் நின்றது.

பப்படம் பொரிக்கிற இடத்திலிருந்து நீலகண்டன் பார்த்துவிட்டான். கத்தினால் பந்தலுக்குக் கேட்கும். ஓடி வந்து பிடிக்கக் கை இல்லை. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான்.

அய்யம்பெருமாளின் இடது கை தானாகப் போய் அந்த ஆளின் வலது மணிக்கட்டைப் பிடித்தது. கட்டைவிரல் எலும்புக்கு இடையிலுள்ள குழியில் போய் உட்கார்ந்தது. சட்டுவம் விடுபட்டது, வலது கை மறுபடி துழாவத் தொடங்கியது. அந்த ஆள் தம்ளரைக் கீழே போட்டுவிட்டு இடது கையை ஓங்கினான். அய்யம்பெருமாள் தலையைச் சாய்த்தான். இனி பிடித்த கையை உள்பக்கமாக ஒரு திருப்பு. அவ்வளவுதான் வேலை. கட்டைவிரல் அழுந்தியது, அந்த ஆளின் முகம் கோணியது.

அய்யம்பெருமாள் இரண்டு பக்கமும் பார்த்தான். சோறு வடிக்கிறவர்கள் திரும்பி நின்றிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த ஆளின் காதருகே குனிந்து, வெட்கக்கேடான எதையோ கேட்கிறவன்போல, வாய்க்குள்ளேயே கேட்டான்:

"அண்ணாச்சி... நாளைக்கு என்ன சோலி?"

அந்த ஆள் இமைக்காமல் பார்த்தான். வலியைவிடக் கேள்விதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

"நாளைக்கா? நாளைக்கு நாங்குநேரி. மறுநாள் களக்காடு. இன்னைக்கு இந்த எழவு வீடு. தவிலுவே, தவிலு! தாலிகெட்டுக்கு நாந்தான் அடிக்கணும். கைய விடும்!"

அய்யம்பெருமாள் தன் பிடிக்குள் இருந்த கையைப் பார்த்தான். விரல் நுனி ஒவ்வொன்றும் புளியங்கொட்டை போலக் காய்த்திருந்தது. இடுப்புத் துண்டின் மடிப்பில், அடிக்கும்போது விரலில் மாட்டிக்கொள்கிற கூடுகள் ஐந்து எட்டிப் பார்த்தன. தை மாதத்தில் இன்னும் எத்தனை முகூர்த்தம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தான். கழுத்தில் தவிலை மாட்டிக்கொண்டு நாங்குநேரியில் ஒரு பந்தலில் தான் உட்கார்ந்திருப்பதையும், நாதஸ்வரக்காரர் தன்னைத் திரும்பிப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தான்.

சுட்ட பாத்திரத்தை விடுவதுபோலக் கையை விட்டான்.

விடுபட்ட கை சும்மா போகவில்லை. பதினைந்து வருஷமாகத் தோலில் அடித்துப் பழகிய கை. அது அய்யம்பெருமாளின் இடது கன்னத்தில் தாளம் தப்பாமல் ஒன்று வைத்தது. காதுக்குள் ஒரு வண்டு புகுந்தாற்போல் இருந்தது. சட்டுவம் நிற்கவில்லை. அடியில் வலது மூலையில் ஒரு பொட்டு தட்டியது. முன்னங்காலில் எடையை இறக்கி அதை இளக்கினான்.

"பைத்தியக்காரனுகள வச்சுல்லா சமைக்கானுவ," என்று சொல்லிக்கொண்டே தவில்காரன் மணிக்கட்டைத் தடவியபடி வெளியே போனான். யாரோ அவனைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள்.

நீலகண்டன் வந்து பக்கத்தில் நின்றான். கன்னத்தில் ஐந்து விரலும் எழும்பியிருந்ததைப் பார்த்தான்.

"ஏம்டே, ஒம்மேல அடி படுகதா? நீ திருப்பி அடிக்கல்லியே?"

"கை ஒழிவில்லேல்லா அண்ணாச்சி," என்றான் அய்யம்பெருமாள், வார்ப்பைப் பார்த்துக்கொண்டே.

தலைப்பாலை விட்டார்கள். சுக்கும் ஏலமும் தூவினார்கள். நீலகண்டன் இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான். விறகை இழுக்கச் சொன்னான். ஆக்குப்புரை வாசலில் பறக்கைக் கோலப்பன், புது வேட்டியும் சந்தனமுமாக வந்து நின்று, காற்றை இரண்டு தடவை முகர்ந்தார். மூன்றாவது தடவையும் முகர்ந்து பார்த்துவிட்டு, இடம் பிடிக்கப் பந்தலுக்குப் போனார்.

பந்தலில் கெட்டிமேளம் முழங்கியது. அய்யம்பெருமாள் அடங்கிய அடுப்பின் சூட்டில் மெதுவாகத் துழாவிக்கொண்டே, வலி இல்லாத காதை அந்தப் பக்கமாகத் திருப்பிக் கவனமாகக் கேட்டான். தவில் சத்தத்தில் ஐந்து விரலும் இருந்தன.